வயிற்றெரிச்சல் கமிட்டி

மதுரை மாநகரிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் வயிறு வைத்திருக்கும் சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: சர்க்கார் உங்கள் வயிற்றைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டது. இனி யாரும் தத்தம் வயிற்றைத் தாமே கவனித்துக்கொண்டு சிரமப்பட வேண்டியதில்லை.

யுத்தம் ஆரம்பித்து நான்காவது வருஷம். ரங்கோன் அரிசி ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. ரேஷன் கடையில் கிடைத்த அரிசியில் கல் பொறுக்கினால் அரிசி மிஞ்சாது. அரிசி பொறுக்கினால் நேரம் மிஞ்சாது. அப்படியே உலையில் போட்டுச் சாப்பிட்டார்கள். ஊர் முழுவதும் புளித்த ஏப்பம். மேல மாசி வீதியில் ஒருவர் விட்டால் கீழ மாசி வீதியில் ஒருவர் பதில் விட்டார்.

இந்த நிலையில்தான் 'மதுரை யுத்தகால மலிவு ஜீரண ஔஷத ஆராய்ச்சி ஆலோசனைக் கமிட்டி' பிறந்தது. இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவராக ஊரில் ஒருவரே இருந்தார். ஓய்வுபெற்ற மாஜிஸ்திரேட் ராவ் சாகிப் அனந்தநாராயணன். ஆகவே அவரே அக்ராசனர். கமிட்டியின் வேலை ஒன்றுதான்: வயிற்றுக் கோளாறுக்கு ஏழைகள் சாப்பிடத்தக்க மலிவான மருந்து எது? சோடா உப்பா, ஓமத் தண்ணீரா, சுக்கா, பெருங்காயமா? இது முடிவாகும்வரை தர்ம ஆஸ்பத்திரியில் வயிற்றுக்கு எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. தவறான மருந்தை ஏழைகள் இலவசமாகச் சாப்பிட்டுக் குணமடைந்துவிட்டால் பிறகு யார் ஜவாப் சொல்வது?

இந்த நல்ல ஏற்பாட்டில் வந்து மாட்டிக்கொண்டவர் காஜிமார் தெரு சிக்கந்தர்.

சிக்கந்தர், அப்துல் வஹீது பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதுகிறவர். கல்யாணம், காதுகுத்து, சந்தனக்கூடு, கலெக்டர் வரவேற்பு எதுவானாலும் சிக்கந்தரின் ட்ரம்பெட் முதலில் போகும், மற்றவை பின்னால் வரும். ட்ரம்பெட் என்பது வாயால் ஊதுகிற வாத்தியம் என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். அதை ஊதுவது அடிவயிறு. அந்த அடிவயிறுதான் ரேஷன் அரிசிக்குப் பிறகு மக்கர் செய்தது. பாட்டின் உச்சியை எட்டிப் பிடிக்கப் போனால் சுரத்துக்கு முன்னால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வந்தது. நெஞ்சிலிருந்து தொப்புள்வரை மிளகாயை அரைத்துப் பூசினாற்போல எரிந்தது.

"என்ன மாப்ள இது? மாப்பிள்ளை அழைப்புல ஆட்டுக்குட்டி கத்துன மாதிரில்ல ஊதுற?" என்றார் அப்துல் வஹீது.

"ஊதுனா மேல வருதுண்ணே."

"எது வருது?"

"காலைல குடிச்ச கஞ்சி."

"தை மாசம் சமயநல்லூர்ல பெரிய வீட்டுக் கல்யாணம். அச்சாரம் வாங்கிட்டேன். அதுக்குள்ள வயித்தச் சரி பண்ணிப்புடு. இல்லைன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும். உம்மேல எனக்குப் பிரியம் இருக்கு. பிரியத்த வச்சு ஊத முடியாதுல்ல?"

சிக்கந்தர் வைத்தியத்தில் இறங்கினார். மதுரையில் வயிற்று வலி என்று வாய்விட்டுச் சொன்னவன் அப்புறம் தனியாக இருந்ததில்லை. அவருடைய மனைவி சபியா சீரகத்தை வறுத்துக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். அது மதியம்வரை கேட்டது. எதிர்வீட்டுக்காரர் சுக்குக் கஷாயம் என்றார். குடித்ததும் உள்ளே தீப்பிடித்தது. "அப்படித்தான் இருக்கும், நோவு வெளிய போகுதுல்ல" என்றார் அவர். போனது நோவு அல்ல, தூக்கம். மோரில் பெருங்காயம் கரைத்துக் குடிக்கச் சொன்னார் ஒருவர். காபூல் பெருங்காயம் யுத்தத்தில் நின்றுபோய், கடையில் விற்றது பெருங்காயம் இருந்த டப்பாவில் வைத்த கோந்து. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தெளியவைத்துக் குடித்ததில் நாக்கு வெந்தது. மணத்தக்காளிக் கீரை நிஜமாகவே இதமாக இருந்தது. அதைத் தெருவில் சொன்னார். மறுநாளிலிருந்து வைகைக் கரைவரை தேடினாலும் ஒரு கொத்து கீரை இல்லை. கோலி சோடாவில் ஏப்பம் வந்தது. அந்த மாதத்தில் அவர் சுருதி பிசகாமல் எழுப்பிய ஒரே ஓசை அதுதான்.

மளிகைக் கடையில் சோடா உப்பு கேட்டார். "ஓட்டல்காரங்க மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டாக பாய். இட்லி உப்பணும்ல" என்றார் கடைக்காரர். ஊரில் இட்லிக்குக் கிடைத்த மருந்து வயிற்றுக்குக் கிடைக்கவில்லை. இங்கிலீஷ் மருந்துக் கடையில் கண்ணாடிப் புட்டியில் வயிற்றுக்குக் கரைத்துக் குடிக்கும் சீமைப் பழ உப்பு இருந்தது. விலையைக் கேட்டதும் எரிச்சல் இன்னொரு அங்குலம் மேலே ஏறியது.

மிஞ்சியது தர்ம ஆஸ்பத்திரி. அங்கே கொடுக்கும் வெள்ளைப் பொடிப் பொட்டலத்தை முன்பெல்லாம் வாங்கியிருக்கிறார். அதுவும் சோடா உப்புதான். தண்ணீரில் கரைத்துக் குடித்தால் கொஞ்ச நேரத்தில் வயிறு சொன்ன பேச்சைக் கேட்கும். இரண்டு வாரம் தொடர்ந்து கிடைத்தால் தை மாதத்தைச் சமாளித்துவிடலாம்.

கம்பவுண்டர் மலைச்சாமி ஜன்னல் வழியாகவே கையை விரித்தார்.

"வெள்ளைப் பொடிய நிப்பாட்டியாச்சுண்ணே. எது நல்ல மருந்துன்னு கமிட்டி உக்காந்துருக்கு."

"எப்ப முடிவாகும்?"

"உக்காந்துருக்காங்கன்னுதான சொன்னேன். எந்திரிச்சாங்கன்னா சொல்றேன்."

"இருந்த பொடியெல்லாம் என்னாச்சு?"

"கமிட்டி எடுத்துட்டுப் போயிருச்சு. மாதிரி பாக்க."

"அம்புட்டையுமா?"

"மாதிரின்னா கொஞ்சமாத்தான் இருக்கணும்னு எங்க எழுதியிருக்கு?" என்றார் மலைச்சாமி. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க நேரா கமிட்டி முன்னாடி போய் நில்லுங்க. அசல் நோயாளி ஒருத்தரையும் அவுக இன்னும் பாத்தது இல்ல. பாத்தா மனசு இளகும்" என்றார். மலைச்சாமி நல்ல மனிதர். அதனால்தான் அவருக்கு உத்தியோக உயர்வு வரவில்லை.

கமிட்டி ஒரு பெரிய ஹாலில் கூடியிருந்தது. நடுவில் ராவ் சாகிப். வலப்பக்கம் டாக்டர் ராஜாராமன். இடப்பக்கம் பெருங்காய மொத்த வியாபாரி ஒருவர். கோந்து வியாபாரமும் அவருடையதுதான். இன்னும் பெயர் தேவையில்லாத சிலர், பெயர் தேவையில்லாத காரியங்களுக்காக உட்கார்ந்திருந்தார்கள். சிக்கந்தர் உள்ளே வந்தபோது டிபன் நடந்துகொண்டிருந்தது. எல்லார் கையிலும் வடை.

"வாரும் சாயபு. பயப்படாமச் சொல்லும். உமக்கு என்ன?" என்றார் ராவ் சாகிப்.

"வயித்தெரிச்சலுங்க ஐயா."

ராவ் சாகிப் வடையை இலையில் வைத்தார்.

"யார் மேலே?"

"யார் மேலயும் இல்லீங்க."

"யார் மேலேயும் இல்லாம வயத்தெரிச்சல் வருமோ? ஓய், நான் முப்பது வருஷம் மாஜிஸ்திரேட்டா இருந்தவன். என் எதிரே வந்த கேஸ் பாதி வயத்தெரிச்சல் கேஸ். அதுல ரெண்டு கட்சி உண்டு. எரியறவன் ஒருத்தன். யாரைப் பார்த்து எரியறதோ அவன் ஒருத்தன். அந்த ரெண்டாவது ஆசாமி யார், சொல்லும்."

சிக்கந்தர் யோசித்தார். பெரிய மனிதர் கேட்கிறார், ஏதாவது சொல்லாவிட்டால் மரியாதை இல்லை.

"ரேஷன் அரிசிங்க."

"சர்க்கார் அரிசி!" என்றார் பெருங்காய வியாபாரி.

"எப்போ எரியறது?" என்றார் ராவ் சாகிப்.

"இந்தா, இப்பக்கூட எரியுதுங்க ஐயா."

அங்கத்தினர்கள் தங்கள் கையிலிருந்த வடையைப் பார்த்தார்கள். பிறகு சிக்கந்தரைப் பார்த்தார்கள். அதற்குமேல் சாட்சியம் தேவைப்படவில்லை.

டாக்டர் ராஜாராமன் மட்டும், "சார், இது ஒரு வியாதியாகவும் இருக்கலாம்" என்றார்.

"இருக்கட்டுமே. யுத்த காலத்துல இருக்கப்படாது" என்றார் ராவ் சாகிப்.

சர்க்கார் வினியோகத்தின்மீது பகிரங்கமாக வயிற்றெரிச்சல் கொண்ட நபர் என்று போலீசுக்குத் தகவல் போயிற்று. மறுநாள் காஜிமார் தெருவுக்கு ஏட்டு விருமாண்டி வந்தார். தெருவே கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தது.

"நீங்கதான் வயித்தெரிச்சல் சிக்கந்தரா?"

"ஆமாங்க ஏட்டையா."

"யார் மேல? உண்மையச் சொல்லுங்க. வெள்ளக்காரன் மேலயா, கவர்னர் மேலயா, இல்ல ரேஷன் கடைக்காரன் மேலயா? கடைக்காரன் மேலன்னா சொல்லுங்க, எனக்கும்தான் இருக்கு. அது குத்தம் இல்ல."

"அல்லா மேல ஆணையாச் சொல்றேன் ஏட்டையா. வயித்துலதான் எரியுது. இங்க." சிக்கந்தர் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

விருமாண்டி அந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தம் பெல்ட்டுக்கு மேலே அதே இடத்தில் விரலை வைத்தார்.

"இங்கனயா? சாப்ட்டு முடிச்சு ஒரு நாழிகைல ஆரம்பிக்குமே? படுத்தா நெஞ்சுக்கு ஏறுமே?"

"ஆமாங்க! ஐயாவுக்கும் வயித்தெரிச்சலா?"

"இருக்கு. இன்ஸ்பெக்டர் மேல ஒண்ணு இருக்கு, அது வேற. இது தனி" என்றார் விருமாண்டி. "நீங்க என்ன குடிக்கிறீக?"

கதவுக்குப் பின்னாலிருந்து சபியா ஒரு செம்பு சீரகத் தண்ணீரை நீட்டினாள். ஏட்டு அதை முழுவதும் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, "மதியம்வரைக்கும் தாங்கும்னு சொல்லுங்க" என்றார். அவர் மேலே அனுப்பிய ரிப்போர்ட் ஒரே வரி: 'மேற்படி நபரின் வயிற்றெரிச்சல் வயிற்றில்தான் இருக்கிறது; நாட்டில் பரவ இடமில்லை.'

இந்த ரிப்போர்ட்டால் சிக்கந்தரின் அந்தஸ்து உயர்ந்தது. போலீஸ் விசாரித்து உண்மையென்று கண்ட வயிறு மதுரையில் அது ஒன்றுதான். கமிட்டி அவரை மறுபடியும் அழைத்தது. இந்த முறை உட்காரச் சொன்னார்கள். நாற்காலி இல்லாததால் நின்றார்.

"சாயபு, உமக்கு மருந்து இங்கேயே இருக்கு" என்று ஆரம்பித்தார் ராவ் சாகிப். "எங்காத்து வாலாம்பாள் அங்காயப் பொடின்னு ஒண்ணு பண்ணுவாள். சுண்டைக்காய், வேப்பம்பூ, சுக்கு, மிளகு. எந்த ஏழையும் பண்ணிக்கலாம். பழைய பச்சரிசியா எடுத்துக்கணும். சாதம் ஆவி பறக்கணும். அப்போ உருக்கின பசு நெய்யைத் தாராளமா விட்டு, பொடியைப் போட்டுப் பிசைஞ்சு நாலு கவளம் சாப்பிட்டா வயறு குழந்தை மாதிரி தூங்கிடும்."

"நெய்யிங்களா ஐயா?"

"நெய் இல்லேன்னா பாதகமில்லே. வெண்ணெயைக் காய்ச்சினா நெய் வந்துடும்."

பெருங்காய வியாபாரி தம் சரக்கைப் பற்றிப் பேசினார். அதில் கோந்து கலந்திருப்பதாகச் சிலர் சொல்வதை மறுத்து, கோந்தும் குடலுக்கு ஒரு பூச்சுதானே என்று கேட்டார். டாக்டர் ராஜாராமன் பிஸ்மத் என்னும் சீமை மருந்தே சிலாக்கியம் என்றார். அது எங்கே கிடைக்கும் என்று சிக்கந்தர் கேட்டார்.

"கப்பல்ல வரணும்."

"கப்பல் எப்பங்க வரும்?"

"அதைக் கப்பலை மூழ்கடிக்கும் ஜெர்மன்காரனிடம்தான் கேட்கணும். அதுவரை மனத்தைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்."

சிக்கந்தர் கைகளைக் கட்டிக்கொண்டார். தை மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. "ஐயா, எனக்குப் பெரிய மருந்தெல்லாம் வேணாங்க. ஆசுபத்திரில முன்ன ஒரு வெள்ளப் பொடி குடுப்பாங்க. அதக் குடிச்சா எனக்குக் கேட்டுச்சு. அதுல கொஞ்சம் குடுத்தீங்கன்னா ஊதிப் பொழச்சுக்குவேன்."

"அதுவும் ஆராய்ச்சியில இருக்கு" என்றார் ராவ் சாகிப்.

அன்றைக்குப் போண்டாவும் கேசரியும் முடிந்திருந்தன. சேவகன் ஒரு வெள்ளித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். தட்டில் தம்ளர்களும் பொட்டலங்களும் இருந்தன. சிக்கந்தருக்கு அந்தப் பொட்டலம் தெரியும். மலைச்சாமி மடிக்கிற மடிப்பு அது. ஒவ்வோர் அங்கத்தினரும் ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டி, ஸ்பூனால் கலக்கி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். முதல் ஏப்பத்தை ராவ் சாகிப் விட்டார். மற்றவர்கள் அந்தஸ்து வரிசைப்படி காத்திருந்து விட்டார்கள்.

சிக்கந்தருக்கு வாயில் எச்சில் ஊறியது. மருந்தைப் பார்த்து எச்சில் ஊறுகிற காலமும் வந்தது.

"பார்த்தீரா?" என்றார் ராவ் சாகிப், முகம் தெளிந்து. "மத்தவா வயத்துல பரீட்சை பண்றது பாபம். அதனால கமிட்டி தன் சொந்த வயத்தையே தேசத்துக்குக் குடுத்திருக்கு. ஒவ்வொரு கூட்டத்துலயும் மொதல்ல நாங்க அஜீர்ணத்தை உண்டாக்கிக்கறோம். அந்தக் கஷ்டம் யாருக்குத் தெரியும்? அப்புறந்தான் மருந்து. இதுவரைக்கும் ஒரு தரம்கூட இது பொய்க்கலே."

"ஒரு பொட்டலம் எனக்குங்க…"

"அது மட்டும் முடியாது ஓய். உமக்கு நிஜமாவே வியாதி இருக்கு. நீர் சாப்பிட்டா ஆராய்ச்சி கெட்டுப்போயிடும்."

சிக்கந்தர் வீட்டுக்கு வந்து சபியாவிடம் நடந்ததைச் சொன்னார்.

"ஆக, அவுகளுக்குத் தின்னுட்டு எரியுது. நமக்குத் தின்னாம எரியுது. மருந்து ஒண்ணுதானா?" என்றாள் அவள்.

"ஒண்ணுதான்."

"அப்ப அவுகளத் திங்காம இருக்கச் சொல்லிட்டு அத இங்க குடுத்தா என்ன?"

"அதுக்கு ஒரு கமிட்டி போடணும்" என்றார் சிக்கந்தர். பழகப் பழக அவருக்கும் நிர்வாகம் புரிய ஆரம்பித்திருந்தது.

மார்கழிக் கடைசியில் கமிட்டி தன் முடிவை அறிவிக்கும் விழா நடந்தது. பந்தல், மாலை, பன்னீர்ச் சொம்பு. வாத்தியத்துக்கு அப்துல் வஹீது பேண்டு செட். "இன்னைக்கு நீ ஊதுறதப் பாத்துதான் சமயநல்லூரு" என்று வஹீது முன்கூட்டியே சொல்லியிருந்தார். சிக்கந்தர் முதல் நாளிலிருந்தே ஒன்றும் சாப்பிடவில்லை. வெறும் வயிறு எரியாது என்பது அவருடைய கணக்கு. வயிற்றின் கணக்கு வேறாக இருந்தது.

ராவ் சாகிப் எழுந்து பேசினார்.

"மகா ஜனங்களே! நீண்ட ஆராய்ச்சிக்குப் பின் இக்கமிட்டி கண்ட முடிவு: சகல ஔஷதங்களிலும் மலிவானதும் மேலானதும் சோடா உப்பே. இதை நாங்கள் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை, அனுபவித்துச் சொல்கிறோம். இவ்வளவு அருமையான மருந்தைக் கண்டவர்களுக்கெல்லாம் கொடுத்து விரயம் செய்வது யுத்த காலத்தில் துரோகமாகும். ஆகவே இனி வரும் சரக்கு முழுவதும் மேல் ஆராய்ச்சிக்காகக் கமிட்டியின் பாதுகாப்பில் இருக்கும். பொதுஜனங்களுக்கு நாங்கள் சிபாரிசு செய்வது மூன்று. குறைவாகச் சாப்பிடுங்கள். நன்றாக மெல்லுங்கள். கோபப்படாதீர்கள். கமிட்டி ஏற்பட்டது முதல் தர்ம ஆஸ்பத்திரிக்கு வயிற்று மருந்து கேட்டு வருகிறவர்கள் தொகை படிப்படியாகக் குறைந்து, இப்போது ஒருவர்கூட வருவதில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மதுரையின் வயிறு சௌக்கியமாக இருக்கிறது!"

கைதட்டல். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மலைச்சாமியும் தட்டினார், சம்பளம் வாங்குகிறவர். பந்தல்வாசலில் காவலுக்கு நின்ற விருமாண்டி ஒரு கையால் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, மறு கையால் தொடையில் தட்டினார்.

ராஜ கீதம் ஆரம்பமாயிற்று. எல்லாரும் எழுந்து நின்றார்கள். சிக்கந்தர் ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தார். முதல் வரி நன்றாகவே போயிற்று. வஹீது தலையை ஆட்டினார். இரண்டாவது வரியும் போயிற்று. சக்கரவர்த்தியை ஆண்டவன் காப்பாற்ற வேண்டும் என்று சுரம் உயரே ஏறுகிற இடத்தில் சிக்கந்தர் அடிவயிற்றை இழுத்து ஊதினார். ட்ரம்பெட் ஒரு தரம் கொப்புளித்தது. பிறகு அதன் வாயிலிருந்து காப்பித்தூள் கலங்கினாற்போல ஒரு தண்ணீர் வந்து, கமிட்டி மேடைக்குப் போட்டிருந்த வெள்ளை விரிப்பில் சொட்டியது. சிக்கந்தர் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ராஜ கீதம் முடியும்வரை யாரும் அசையக் கூடாது என்பது சட்டம். முடியும்வரை யாரும் அசையவில்லை.

பிறகு டாக்டர் ராஜாராமன் இறங்கி வந்து, விரிப்பைக் குனிந்து பார்த்தார். சிக்கந்தரின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"சார், இது எரிச்சல் இல்லை. உள்ளே புண். ரத்தம் கசிகிறது."

"புண்ணா?" ராவ் சாகிப் ஆறுதலாக மூச்சு விட்டார். "அப்போ நம்ம கமிட்டிக்கு வராது. நான் அன்னிக்கே சொன்னேன், இது அஜீர்ணம் இல்லேன்னு. சாயபு, கவலைப்படாதேயும். புண்ணுக்கு ஒரு தனிக் கமிட்டி போடச் சொல்லி நானே சர்க்காருக்கு எழுதறேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்தார்கள். பால் கொடுக்கச் சொன்னார்கள். வீட்டில் கொடுக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சீரகத் தண்ணீர் இருந்தது. அதுவும் மதியம்வரை கேட்பது நின்றுபோயிருந்தது.

தை பிறந்து அப்துல் வஹீது பார்க்க வந்தார். கையில் கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார். சிக்கந்தர் அதைச் சாப்பிட முடியாது என்று தெரிந்ததும், தாமே ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"ட்ரம்பெட்டுக்குத் திண்டுக்கல்லேருந்து ஆள் வரச் சொல்லிட்டேன் மாப்ள. என்னைத் தப்பா நெனக்காத."

"இல்லண்ணே."

சபியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வஹீது அவளையும் பார்த்தார், சிக்கந்தரையும் பார்த்தார். பாதிப் பழத்தைக் கீழே வைத்தார்.

"உன்னை விட்டுருவேனா? இத்தனை வருசம் எனக்கு முன்னாடி நடந்தவன் நீ" என்றார். "ராவெல்லாம் யோசிச்சுட்டுதான் வாரேன். இனிமே நீ ஊதவே வேணாம். மூச்சுப் பிடிக்க வேணாம். பெரிய டிரம்மு அடி. சும்மா நடந்துக்கிட்டே அடிச்சாப் போதும். சமயநல்லூருக்குக் கரியில ஓடுற பஸ்ஸுல உனக்கும் எடம் இருக்கு."

சிக்கந்தர் அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சபியா இருவருக்காகவும் கை ஏந்தி துஆ செய்தாள்.

பெரிய டிரம்மை வயிற்றின்மேல் வைத்துத்தான் கட்டுவார்கள்.